காணி தருகிறோம் என்ற கடதாசியை எப்படி வாசிப்பது?



கொஞ்சம் நீளமான பதிவு. காணி சம்பந்தப்பட்டது என்பதால் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சில நாட்களாக எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் பழைய அச்சுக் கடதாசி ஒன்றின் படம் சுற்றுகிறது. மேலே அரச இலச்சினை, கீழே ஆளுநரின் பெயர், நடுவில் குடியேற வருவோருக்குக் காணி வழங்கப்படும் என்ற அறிவித்தல். இப்படியான பிரகடனங்கள் இன்று மிக அரிது. சுவரில் ஒட்டியவை மழையோடு போய்விட்டன. தப்பியவை சுவடிக்கூடங்களிலும் காசுள்ள சேகரிப்பாளர்களின் அலுமாரிகளிலும் இருக்கின்றன. ஆகவே படம் பரவியதில் ஆச்சரியம் இல்லை. அதற்குக் கீழே வந்த கருத்துகள்தான் எங்களை எழுத வைத்தன.

"வெள்ளைக்காரன் காலம் பொற்காலம்" என்றார் ஒருவர். "அவன் ஏக்கர் கணக்கில அள்ளிக் கொடுத்தான், இப்ப பத்துப் பேர்ச்சுக்கு டி.எஸ். ஒபிஸ் படியேறி செருப்புத் தேயுது" என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் ஒரு படி மேலே போய், "கடதாசி இல்லாதவன் காணி கேட்கக் கூடாது, அந்தக் காலத்திலேயே எல்லாம் முறையா நடந்திருக்கு" என்று முடித்துவிட்டார். அதற்கு நாற்பது ஐம்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

வடக்கிலிருந்து துரத்தப்பட்ட ஒரு சமூகத்தின் குழுவில் இது நடந்திருக்கிறது. அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஓர் அரசாங்கம் "வாருங்கள், காணி தருகிறோம்" என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்னர் அது இன்னொன்றைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். "இந்தக் காணியில் யாரும் இல்லை." இந்த வசனம் அந்த அழகான அச்சுக் கடதாசியில் இருக்காது. வேறொரு சட்டத்தில், வேறொரு திகதியில், சின்ன எழுத்தில் இருக்கும். கொடுக்கும் கடதாசியை எல்லோரும் வாசிக்கிறார்கள். எடுத்த கடதாசியை யாரும் தேடுவதில்லை.

எங்கள் தீவில் இருந்தே தொடங்குவோம்.

பிரித்தானியர் கரையோரத்தைப் பிடித்தது 1796இல். 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடானது. அந்த ஆண்டு மார்ச் 15ஆம் திகதிதான் எங்கள் அரச வர்த்தமானியும் பிறந்தது. ஆரம்பத்தில் ஐரோப்பியர் கொழும்புக்கு வெளியே காணி வாங்குவதை ஆட்சியாளரே தடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் தடை தளர்ந்து, 1812இல் ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில், ஐரோப்பியர் ஒருவருக்கு 4000 ஏக்கர் வரை காணி வழங்கலாம் என்றானது.

4000 ஏக்கர். ஓர் ஆளுக்கு.

அதே 1812இல் கொழும்பில் ஒரு சோனகரின் நிலை என்ன? கோட்டைக்குள்ளும் புறக்கோட்டைக்குள்ளும் சோனகர் வீடு வளவு வைத்திருக்கக் கூடாது என்று ஒல்லாந்தர் போட்ட கட்டுப்பாடு அப்போதும் நீக்கப்படவில்லை. அது நீங்கியது 1832இல். கப்பலில் வந்து இறங்கியவருக்கு 4000 ஏக்கர் என்று அச்சடித்த அதே ஆட்சியில், பல நூற்றாண்டு அந்தத் துறைமுகத்தில் வியாபாரம் செய்தவரின் பேரனுக்கு அங்கே ஒரு வீட்டு வளவுக்குக்கூட சட்டத்தில் இடமில்லை. "பொற்காலம்" என்று எழுதிய சகோதரர் இந்த இரண்டு வருடங்களையும், 1812ஐயும் 1832ஐயும், பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

1815இல் கண்டி விழுந்தது. மலைநாட்டு மண்ணில் கோப்பி நன்றாக வரும் என்று தெரிந்த பிறகு காணிக்குப் பசி கூடியது. 1833 முதல் முடிக்குரிய காணிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. ஆரம்ப விலை ஏக்கருக்கு 5 ஷில்லிங். ஆளுநர், உயர் அதிகாரிகள், நீதிபதிகள், படை அதிகாரிகள் என்று விற்கும் மேசையில் இருந்தவர்களே வாங்கும் வரிசையிலும் நின்றார்கள். 1844இல் விலை 20 ஷில்லிங் ஆக உயர்ந்தது. அதற்குள் வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள்.

விற்பதற்கு முடிக்கு எங்கிருந்து இவ்வளவு காணி வந்தது? அதற்கான விடை 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர். அதன் உயிர்நாடி இதுதான்: காடு, தரிசு, ஆளில்லாத, பயிரிடப்படாத காணிகள் எல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குச் சொந்தமானவை என்று கருதப்படும்.

"நிரூபிக்கப்படும் வரை" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதுவரை ஒருவருடைய காணியை எடுக்க வந்தவர்தான் தன் உரிமையைக் காட்ட வேண்டும். அன்று முதல் காணியில் இருந்தவர் காட்ட வேண்டும் என்றானது. கள்வன் என்று சொன்னவர் சாட்சி கொண்டுவரத் தேவையில்லை. வீட்டுக்காரர்தான் தான் கள்வன் இல்லை என்று காட்ட வேண்டும்.

கண்டிய மாகாணங்களின் சேனைக் காணிகள் பற்றி அந்தச் சட்டம் தனியாகவே பேசியது. அரசன் கொடுத்த சன்னஸ் பட்டயம், மானியப் பத்திரம், வழமையான வரி கட்டியதற்கான அத்தாட்சி, இவற்றில் ஒன்றைக் காட்டாவிட்டால் சேனை முடிக்குரியது. ஆனால் சேனை என்றால் என்ன? ஒரு போகமோ இரண்டு போகமோ பயிர் செய்து, பிறகு பல வருடங்கள் மண்ணை ஆறவிடும் காணி. காடு திரும்ப வளர வேண்டும், வளர்ந்தால்தான் மண்ணுக்குச் சத்து வரும், அதன் பிறகுதான் அடுத்த தடவை வெட்டுவார்கள். ஆறவிட்ட காணி விவசாயியின் கணக்கில் நாளைய சோறு. சட்டத்தின் கணக்கில் அது ஆளில்லாத காணி. வாய்வழியாக, ஊர் வழக்கமாக, பாட்டன் சொல்லிக் கொடுத்த எல்லையாக இருந்த உரிமைக்கு எந்தக் கிராமத்தவனிடம் கடதாசி இருக்கும்?

அந்தக் கிராமங்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். கண்டி மன்னர்களின் காலத்தில் பொதிமாடுகளைக் கொண்டு தவளம் நடத்திய முஸ்லிம்கள், மடிகே என்ற போக்குவரத்துப் பிரிவில் அரசனுக்குச் சேவை செய்து, அந்தச் சேவைக்காகக் காணி அனுபவித்தவர்கள். ஆகவே "அது சிங்கள விவசாயியின் கதை, நமக்கென்ன" என்று யாரும் ஒதுங்க முடியாது.

அந்தக் கோப்பித் தோட்டங்களுக்கு உழைக்க வந்தவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த ஏழைகள். அவர்களுக்கு யாரும் 4000 ஏக்கர் அச்சடிக்கவில்லை. லயன் காம்பிரா ஒன்று கிடைத்தது. 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடும் இல்லாமல் போனது. இருநூறு வருடம் இந்த மண்ணைக் கொத்தியவர்கள் இன்னும் ஒரு வீட்டுக் காணிக்காகக் குரல் கொடுக்கிறார்கள். குடியேற வந்தவர்களுக்குக் காணி கொடுத்தது பெருந்தன்மை என்றால், அந்தப் பெருந்தன்மை ஏன் ஒரு நிறத்தவரோடு நின்றது?

இது எங்கள் தீவில் மட்டும் நடந்ததில்லை. கொடுக்கும் கடதாசிக்குப் பின்னால் எடுத்த கடதாசி இருப்பதை இன்னும் வெளிச்சமாகப் பார்க்க வேண்டுமானால் கனடாவின் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். நோவா ஸ்கோஷியா என்று இன்று சொல்லும் மாகாணம் அது.

அங்கே அக்காடியர் என்ற பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்க விவசாயிகள் நூறு வருடங்களுக்கு மேலாக வாழ்ந்தார்கள். கடல் ஏறும் சதுப்பு நிலத்துக்கு அணை கட்டி, உப்பை வெளியேற்றி, நல்ல விளைநிலமாக மாற்றியவர்கள். 1755 செப்டெம்பர் 5ஆம் திகதி கிராண்ட் பிரே என்ற ஊரில் ஆண்கள் எல்லோரையும் தேவாலயத்துக்கு வரச் சொன்னார்கள். நானூறுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். கதவைச் சுற்றிச் சிப்பாய்கள் நிற்க, ஜோன் வின்ஸ்லோ என்ற படை அதிகாரி மன்னரின் கட்டளையை வாசித்தார். காணி, வீடு, ஆடு மாடு எல்லாம் மன்னருக்குப் பறிமுதல். கையில் உள்ள காசையும், கப்பலில் இடம் இருக்கும் அளவுக்கு வீட்டுச் சாமானையும் கொண்டு போகலாம்.

மேலே உள்ள பந்தியை எங்கள் மூத்தவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அந்த வெளியேற்றம் வருடக்கணக்காக நீடித்தது. பத்தாயிரம் அளவிலான அக்காடியர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். குடும்பங்கள் பிரிந்தன, கப்பலிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1758 ஒக்டோபர் 12ஆம் திகதி, ஆளுநர் சார்ள்ஸ் லோரன்ஸ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். இப்போது அரிய பொருளாகப் பேசப்படும் அச்சுக் கடதாசி வகையைச் சேர்ந்தது அது. பொஸ்டன் பத்திரிகையில் வந்தது. பகைவர் போய்விட்டார்கள், அவர்கள் விட்டுப்போன நிலத்தில் குடியேற நல்ல சந்தர்ப்பம், விருப்பமுள்ளோர் விண்ணப்பிக்கலாம் என்பது அதன் சாரம். "விட்டுப்போன" என்ற சொல்லைக் கவனியுங்கள். துரத்தியவர் யார் என்பது அதற்குள் காணாமல் போய்விடுகிறது. துரத்தப்பட்டவர் தானாகவே எழுந்து போனது போலத் தெரிகிறது.

நியூ இங்கிலாந்துக்காரர் புத்திசாலிகள். என்ன நிபந்தனை என்று கேட்டார்கள். 1759 ஜனவரி 11ஆம் திகதி இரண்டாவது பிரகடனம் வந்தது. குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், குடும்பத்தில் உள்ள ஒவ்வோர் ஆளுக்கும் இன்னும் 50 ஏக்கர். காணி வரி பத்து வருடத்துக்குப் பிறகுதான். சட்டமன்றத்தில் பிரதிநிதித்துவம், வழிபாட்டுச் சுதந்திரம். ஆனால் கத்தோலிக்கருக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது. துரத்தப்பட்டவர் அதே மதத்தவர் அல்லவா? ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் வந்து குடியேறினார்கள்.

அதோடு விடவில்லை. 1759இல் அங்குள்ள சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. பழைய பிரெஞ்சுக் குடிகள் அந்தக் காணிகளைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்தில் வழக்கே போட முடியாது. கதவைப் பூட்டி, திறப்பையும் கடலில் எறிந்தாயிற்று.

அதே வருடம் நவம்பரில் பெரும் புயல் வந்து கடலணைகளை உடைத்தது. புதிதாக வந்தவர்களுக்கு அந்த அணையைக் கட்டத் தெரியாது. யாரைக் கொண்டு திருத்தினார்கள் தெரியுமா? கைதிகளாகப் பிடித்து வைத்திருந்த அக்காடியர்களைக் கொண்டு. தங்கள் பாட்டன்மார் கட்டிய அணையை, தங்கள் காணியில் குடியேறியவர்களுக்காக, கூலிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். "ஆளில்லாத காணி" என்று சொன்னவர்களுக்கு அந்தக் காணியின் ஆளைத் தேடிப் போக வேண்டி வந்தது. இந்த இரண்டு தரப்புக்கும் முன்னரே அந்த மண்ணின் குடிகளாக மிக்மாக் மக்கள் இருந்தார்கள். அவர்கள் அதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. பிரகடனத்தில் அவர்களுடைய பேச்சே இல்லை.

2003 டிசம்பரில் முடியின் பெயரால் இன்னொரு பிரகடனம் வெளிவந்தது. அக்காடியருக்கு நடந்த அநியாயத்தை ஏற்றுக்கொண்டு, 2005 முதல் ஒவ்வொரு ஜூலை 28ஆம் திகதியையும் நினைவு நாளாக அறிவித்தது. காணி திரும்பவில்லை. 248 வருடம் கழித்து ஒரு கடதாசி திரும்பியது.

இப்போது ஊருக்குத் திரும்புவோம். "அது வெள்ளைக்காரன் காலம், முடிந்த கதை" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

1840 சட்டத்தின் தம்பி 1897இல் வந்தது. தரிசு நிலக் கட்டளைச் சட்டம், 1ஆம் இலக்கம். ஒரு காணி தரிசு என்று அரசாங்க அதிபர் அறிவித்தல் போடுவார். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது முடிக்குரியது. அதன் வாரிசாக 1931இல் 20ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது, இரண்டு அரசியலமைப்பு வந்தது. அந்தச் சட்டம் அப்படியே இருந்தது.

2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில், அந்தச் சட்டத்தின் கீழ், வடக்கின் 5941 ஏக்கர் காணி பற்றி அறிவித்தல் வந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்கள். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. அதே மூன்று மாதம்! 1897இல் குதிரையில் போனவர் கொடுத்த தவணையை, கனடாவிலும் லண்டனிலும் இந்திய முகாம்களிலும் புத்தளத்திலும் சிதறிக் கிடக்கும் மக்களுக்கு 2025இலும் கொடுத்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, வழக்குப் போனது, ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. யாரோ வாசித்தார்கள், யாரோ எழுதினார்கள், யாரோ வழக்குப் போட்டார்கள். அதனால்தான் அது நின்றது. எங்கள் குழுக்களில் அந்த மூன்று மாதமும் என்ன பேசினோம் என்று ஒவ்வொருவரும் தொலைபேசியை மேலே தள்ளிப் பார்க்கலாம்.

எங்கள் கதை இதில் எங்கே வருகிறது?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ் நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வேறு இடங்களில் ஓரிரு நாள். வீட்டு உறுதியைத் தேடுவதா, கைக்குழந்தையின் உடுப்பைத் தேடுவதா என்று உம்மாமார் தடுமாறிய நேரம் அது. உறுதியைக் கையில் எடுத்தவர்களிடமும் சோதனைச் சாவடிகளில் பறித்தார்கள் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

முசலியின் வயல்களும் வளவுகளும் அன்றிலிருந்து ஆளில்லாமல் கிடந்தன. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி என்று பெயர் சொல்லி அழைத்த இடங்களில் இருபது வருடத்துக்கு மேல் மரம் வளர்ந்தது. வளரத்தானே செய்யும்? யுத்தம் முடிந்து மக்கள் திரும்பத் தொடங்கிய பிறகு, 2012 ஒக்டோபரில், அந்தப் பகுதி ஒதுக்குக் காடு என்று வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என்று இன்னொரு வர்த்தமானி, 40,030 ஹெக்டயர். பிறகு தொலைக்காட்சி கெமராக்கள் வந்தன. "வில்பத்துவை அழிக்கிறார்கள்" என்று நாடு முழுவதும் ஒரு வருடம் இரண்டு வருடமல்ல, பல வருடம் பேசப்பட்டது.

காடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வில்பத்து இந்த நாட்டின் பொக்கிஷம். அதன் எல்லைக்குள் ஒரு மரம் வெட்டுவதையும் ஆதரிக்க மாட்டோம். அரசியல் செல்வாக்கோடு காணி பிடித்தவர் எவராக இருந்தாலும், எங்கள் இனத்தவராக இருந்தாலும், அவருக்காக ஒரு வரி எழுத மாட்டோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். 1840இல் ஆறவிட்ட சேனையைப் பார்த்து "இங்கே யாரும் இல்லை" என்றார்கள். 2012இல் துரத்தப்பட்டவனின் வளவில் வளர்ந்த மரத்தைப் பார்த்து "இங்கே யாரும் இல்லை" என்றார்கள். இரண்டு தடவையும் அளவைப் படம் பார்த்தவர்கள் கிணற்றை ஏன் பார்க்கவில்லை? பள்ளிவாசலின் அத்திவாரத்தை, மையவாடியின் மீசான் கல்லை ஏன் பார்க்கவில்லை?

ஆகவே "கடதாசி இல்லாதவன் காணி கேட்கக் கூடாது" என்று எழுதிய சகோதரரே, நீங்கள் எழுதியது உங்கள் மூத்தவாப்பாவுக்கு எதிரான தீர்ப்பு. கடதாசி இல்லாமல் போனது அவருடைய குற்றமா?

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பாதிதான்.

முள்ளிக்குளம் என்று முசலியில் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் கிராமம் இருக்கிறது. 2007இல் அந்த மக்கள் வெளியேற்றப்பட்டு அங்கே கடற்படை முகாம் வந்தது. எங்கள் வேதனையைப் பேசும் கூட்டங்களில் முள்ளிக்குளம் எத்தனை தடவை பேசப்பட்டது? மலையகத்து மக்கள் காணி உரிமை கேட்டு வீதியில் இறங்கும்போது எங்கள் பள்ளிவாசல் நிர்வாகங்கள், சம்மேளனங்கள் எத்தனை அறிக்கை விட்டன? காணி பறிக்கப்பட்ட வலி எங்களுக்குத் தெரியும் என்று மேடையில் சொல்வது இலகு. இன்னொருவருடைய காணிக்காக ஒரு கையெழுத்து வைப்பதில்தான் அது உண்மையா என்று தெரியும்.

நாளை எங்கள் ஊரிலேயே "காணி பங்கிடுகிறோம், விண்ணப்பியுங்கள்" என்று ஓர் அறிவித்தல் வரலாம். அரசியல்வாதி ஒருவர் படம் போட்டு அதைக் கொண்டு வருவார். வரிசையில் நிற்பதற்கு முன்னர் முதல் கேள்வி "எத்தனை பேர்ச்?" என்பதாக இருக்கக் கூடாது. "இதற்கு முன்னர் யார் இருந்தார்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. அநியாயமாக எடுத்த ஒரு சாண் நிலத்துக்கு மறுமையில் என்ன தண்டனை என்பதை மத்ரஸாவில் படிக்காதவர் எங்களில் யார்? அந்த நபிமொழிக்கு வர்த்தமானி விலக்களிக்காது.

வீட்டுக்குள்ளும் இது உண்டு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணிகளில், பின்னுரித்தாளர் பெயரிடப்படாவிட்டால் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை. 2022இல் திருத்தம் வரும் வரை அதுதான் சட்டம். எண்பத்தேழு வருடம் சகோதரிகளின் பங்கு ஓர் அட்டவணைக்குள் காணாமல் போனது. "சட்டம் அப்படித்தான்" என்று சந்தோசமாக ஏற்றுக்கொண்ட காக்காமார் எத்தனை பேர்? அல்லாஹ் வகுத்த பங்கு ஞாபகம் வராமல் வெள்ளைக்காரன் வகுத்த அட்டவணை மட்டும் ஞாபகம் வருகிறதென்றால், "பொற்காலம்" என்று ஏன் சொல்கிறோம் என்பதும் விளங்குகிறது.

சரி, ஆத்திரப்பட்டு எழுதிவிட்டால் போதுமா? செய்ய வேண்டியவை இருக்கின்றன.

1. ஒவ்வொரு குடும்பமும் காணி ஆவணங்களை ஒரு கோப்பில் சேர்க்க வேண்டும். உறுதி, பெர்மிட், அளவைப் படம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாய் மூடி இருக்கத் தேவையில்லை. ஏக்கர் வரி கட்டிய துண்டு, கமநல சேவை நிலையத்தின் வயல் காணி இடாப்பு, பழைய வாக்காளர் இடாப்பு, விலாசம் போட்ட பிறப்புச் சான்றிதழ், பள்ளிவாசலின் நிக்காஹ், ஜனாஸாப் பதிவுகள், எல்லாம் நீங்கள் அங்கே இருந்ததற்குச் சாட்சி பேசும். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம்.

2. ஆசிரியர்களாகிய எங்களால் முடிந்தது: வடக்கில் இயங்கிய முஸ்லிம் பாடசாலைகளின் பழைய சேர்வு இடாப்புகள் எங்காவது இருந்தால் அவற்றைப் பாதுகாப்பது, படமெடுத்து வைப்பது. ஒரு பிள்ளை 1978இல் எந்தக் கிராமத்திலிருந்து பாடசாலைக்கு வந்தது என்பதைச் சொல்லும் ஒரு வரி, ஒரு கிராமம் இருந்தது என்பதற்கான சாட்சி.

3. வர்த்தமானி ஒவ்வொரு வெள்ளியும் வருகிறது. அதிவிசேட வர்த்தமானி எந்த நாளும் வரலாம். இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்கள் காணிப் பகுதியை மட்டும் வாசித்து, எங்கள் பிரதேசத்தின் பெயர் வந்தால் ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிக்கட்டும். உம்மாமாருக்கும் தகவல் போக வேண்டும், காணி அவர்கள் பெயரிலும் இருக்கிறது.

4. அறிவித்தல் வந்தால் தவணைக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்துக்கொள்ளுங்கள். "ஆளைப் பார்த்துச் சொல்லியாச்சு" என்பது சட்டத்தில் பதில் இல்லை. பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டவருக்கே காணி என்ற விதியிலிருந்து, யுத்தத்தால் வர முடியாமல் போனவர்களைக் காப்பாற்ற 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. அதுவும் காலக்கெடுவோடு வந்தது. எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு அது வந்த செய்தியே தெரியும்?

5. முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்யுங்கள். எந்த மரம் எல்லை, எந்தக் குளத்திலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர், கிணறு தோண்டியவர் யார் என்று. குரலைப் பதிவு செய்த பிறகு சத்தியக் கடதாசியாகவும் எழுதி வாங்குங்கள். அந்தத் தலைமுறையில் இப்போது ஜனாஸாக்கள்தான் அதிகம். தாமதிக்க நேரமில்லை.

6. இதே உதவியை எங்கள் அயலில் உள்ள தமிழ், சிங்களக் குடும்பங்களுக்கும் செய்வோம். மூன்று மாதத் தவணை மதம் பார்த்து வருவதில்லை.

அந்தப் பழைய கடதாசியின் படத்தை யாரும் அழிக்க வேண்டாம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், நாங்களும் வகுப்பில் காட்டுவோம். காட்டும்போது மூன்று கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுப்போம்: இந்தக் காணி யாருக்குக் கொடுக்கப்படுகிறது? இதற்கு முன்னர் யாரிடம் இருந்தது? அவரிடமிருந்து எடுத்த கடதாசி எங்கே?

வர்த்தமானி வாசிக்க முன்வரும் இளைஞர்கள் கொமண்டில் பெயரைப் போடுங்கள். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் கூடுவோம், இன்ஷா அல்லாஹ். வீட்டில் இருக்கும் காணிக் கடதாசிகளைக் கொண்டு வாருங்கள். கறையான் அரித்தது, பாதி கிழிந்தது என்று வெட்கப்பட வேண்டாம், அதையும் கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.